பூட்டாத கேட்டை நான் பூட்டினேன்

இன்று காலை பண்டார் தெங்காரா போகும் சாலையில் கார்க் கண்ணாடியை இறக்கியதும் செம்பனை ஆலையின் வாடை முகத்தில் அடித்தது. வெந்த பழக்குலையும் புகையும் புளித்த எண்ணெயும் கலந்த வாடை. உன் வெள்ளைச் சீருடையில் எப்போதும் அது ஒட்டிக்கொண்டிருக்கும். எதைப் போட்டுத் துவைத்தாலும் போகமாட்டேன் என்கிறது என்று நீயே சலித்துக்கொள்வாய். காரை ஓரமாக நிறுத்தினேன். அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன். கோபம்தான் வந்தது. நீ போய் ஐந்து மாதம் ஆகிறது, இன்னும் எனக்கு ஒழுங்காக ஒரு அழுகை வரவில்லை.

போனவர்களுக்கு எழுதுகிறவர்கள் மெத்தென்று எழுதுவார்கள். பூ, விளக்கு, நீ எங்கிருந்தாலும் நலமாயிரு என்று. எனக்கு அது வராது என்பது உனக்குத் தெரியும். உன்னோடு நேரில் போட வேண்டிய சண்டை ஒன்று பாக்கியிருக்கிறது. அதைத்தான் எழுதுகிறேன்.

கூலாய் இடைநிலைப்பள்ளியில் நாம் ஒரே வகுப்பு. நீ தோட்டத்து லயத்து வரிசை வீட்டிலிருந்து பஸ்ஸில் வருவாய். நான் பள்ளிக்குப் பின்னாலிருந்த தாமான் குடியிருப்பிலிருந்து நடந்து வருவேன். அப்போதே நான் நோட்டில் ஓரக்கோடு போட்டு எழுதுகிறவள், நீ அட்டையின் பின்பக்கத்தில் கணக்குப் போடுகிறவள். பிறகு நான் பாசிர் கூடாங்கில் ஒரு லாரிக் கம்பெனியில் சேர்ந்தேன். எந்த லாரி எந்த வழியில் போகவேண்டும் என்று திட்டம் போடுவது வேலை. நீ தாதியானாய். நடமாடும் கிளினிக் வேனில் தோட்டம் தோட்டமாகப் போய் ரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் பார்த்தாய். ஒருநாள் போன் செய்து, வேன் டிரைவர் மாறிவிட்டார், புது ஆளுக்கு வழி தெரியவில்லை, ஒரு லயத்தைத் தேடியே பாதி நாள் போய்விட்டது என்று பொரிந்து தள்ளினாய். யார் வேண்டுமானாலும் சேர்ந்து வரையக்கூடிய அந்த இணைய வரைபடத்தில் நான் அப்போதே இரண்டு வருடமாக வரைந்துகொண்டிருந்தேன். "நீயே வரைஞ்சிடேன்டி" என்றேன். விளையாட்டாகத்தான் சொன்னேன். அடுத்த வாரமே நீ கணக்குத் திறந்துவிட்டாய்.

கோடு போடுவதில் உனக்குப் பிரச்சினையே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு தோட்டத்துப் பாதைகளைப் போடுவாய். குறிச்சொல்லில்தான் நமக்குள் சண்டை. ஒரு சாலையை வரைந்தால் போதாது. அது எந்த வகைச் சாலை, யார் போகலாம், லாரி போகுமா, நடுவில் கேட் இருந்தால் அது பூட்டியதா திறந்ததா, எல்லாவற்றுக்கும் குறிச்சொல் போட வேண்டும். மனிதன் படத்தைப் பார்க்கிறான். வழிகாட்டும் செயலியோ குறிச்சொல்லை மட்டும்தான் பார்க்கும். ஆளுக்கொரு விதமாகப் போட்டால் செயலி ஆளைக் கொண்டுபோய் ஆற்றில் விடும். இதை நான் உனக்கு நூறு தடவை சொல்லியிருப்பேன். நீயோ உன் இஷ்டத்துக்கு, "மழை பெய்தால் மோட்டார் சைக்கிள் மட்டும்" என்று பெயர் எழுத வேண்டிய கட்டத்தில் எழுதி வைப்பாய். அதை நான் அழிப்பேன். நீ மறுபடியும் எழுதுவாய்.

மூவாரில் நடந்த கூட்டம் நினைவிருக்கிறதா? ஜொகூர் மாநிலத்தில் வரைகிறவர்கள் ஏழு பேர் முதன்முதலாக நேரில் பார்த்துக்கொண்டது அன்றுதான். குணா சிங்கப்பூரிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தார். அங்கே ஏதோ கணினிக் கம்பெனியில் வேலை. குழுவை ஆரம்பித்தவர் என்பதால் பேச்சை அவர்தான் நடத்துவார். ஆற்றோரச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து, நாம் உட்கார்ந்திருக்கும் கடைக்கே என்ன குறிச்சொல் போடுவது என்று ஒன்றரை மணி நேரம் பேசினோம். உணவகமா, துரித உணவா, காப்பிக் கடையா. மேசைக்கு ஆள் வந்து ஆர்டர் எடுத்தால் உணவகம் என்றேன் நான். நாமே போய்த் தட்டில் போட்டுக்கொண்டோமே என்றார் இன்னொருவர். நீ மீன் தலையைப் பிரித்துக்கொண்டே, "பசிச்சவனுக்குக் கடை திறந்திருக்கான்னு தெரிஞ்சா போதும்லா" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு எரிச்சலாக இருந்தது. நாங்கள் எவ்வளவு அக்கறையாகச் செய்யும் வேலையை இவள் விளையாட்டாக்குகிறாள் என்று பட்டது.

அதே கூட்டத்தில்தான் தோட்டத்துக் கேட் வந்தது. அதை மேசைக்குக் கொண்டுவந்தது நான்தான். எங்கள் கம்பெனி லாரி ஒன்று செயலி காட்டிய குறுக்கு வழியில் தோட்டத்துக்குள் போய்ச் சேற்றில் மாட்டி ஒரு பகல் முழுக்கக் கிடந்தது. தோட்ட மேனேஜர் போனில் வாய்க்கு வந்தபடி ஏசினார். அந்தக் கடுப்பில் விதி ஒன்று எழுதிக்கொண்டு வந்திருந்தேன். தோட்டத்துப் பெயர்ப் பலகைக்கு உள்ளே இருக்கும் சாலையெல்லாம் தனியார் சாலை. கேட்டில் பூட்டு தெரிந்தால் பூட்டிய கேட். அவ்வளவுதான். இரண்டே வரி. ஜொகூர் முழுக்க ஒரே மாதிரி. எனக்கு அந்த இரண்டு வரியின் மேல் அப்படி ஒரு பெருமை.

நீ ஒத்துக்கொள்ளவில்லை. கேட் என்றால் எல்லாம் ஒன்றில்லை என்றாய். பூட்டு தொங்குகிறதா, அமுக்கிப் பூட்டியிருக்கிறதா, சாவி யாரிடம், எத்தனை மணி வரைக்கும், இந்த நான்கையும் கேட்காமல் எதையும் குறிக்கக்கூடாது என்றாய். அத்தனையும் யார் போய்க் கேட்பது என்றார் குணா. இன்றைக்கு ஒரு ஜாகா, நாளைக்கு வேறு ஜாகா, காவலாளி மாறினால் சாவியும் மாறும், இதையெல்லாம் வரைபடத்தில் வைக்க முடியாது, சரிபார்க்கவும் முடியாது என்றார். ஓட்டு எடுத்தோம். ஆறுக்கு ஒன்று. நான் உன்னைப் பார்க்காமல் கையைத் தூக்கினேன். திரும்பி வரும்போது காரில் கூலாய் வரைக்கும் நீ வாயைத் திறக்கவில்லை. இறங்கும்போது மட்டும், "உள்ள ஆளுங்க இருக்காங்கடி" என்றாய். தோட்டம் என்றால் மரமும் மேனேஜரும் மட்டும்தான் என்பதுபோல நான் அந்த விதியை எழுதியிருந்தேன். அதைத்தான் நீ சொன்னாய் என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. கோபித்துக்கொண்டு போகிறாய் என்று மட்டும் நினைத்தேன்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் பண்டார் தெங்காராப் பக்கம் போனேன். என் விதியை நானே செயல்படுத்த வேண்டாமா? காரை விட்டு இறங்கவில்லை. ஏசி போட்டுக்கொண்டு, ஒவ்வொரு கேட்டின் முன்னாலும் மெதுவாக்கி, கண்ணாடி வழியாகப் படம் எடுத்துக்கொண்டு போனேன். நீ பிறந்து வளர்ந்த தோட்டத்தின் முன்வாசல் கேட்டிலும் சங்கிலி சுற்றியிருந்தது, சங்கிலியில் பெரிய பித்தளைப் பூட்டு தொங்கியது. பூட்டியது என்று குறித்தேன். அன்று மாலையே பதினான்கு கேட்டையும் ஏற்றிவிட்டு, சுத்தமாகக் கோடு போட்ட நோட்டைப் பார்ப்பதுபோல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தோட்டத்தில் அந்தப் பூட்டை யாரும் அமுக்குவதில்லை என்பது எனக்குத் தெரியாது. கம்பெனி ஆட்கள் வந்து பார்த்தால் பூட்டு இருக்க வேண்டும், அதற்காகத் தொங்கவிடுகிறார்கள். லயத்து ஆட்கள், பள்ளி வேன், மோட்டாரில் வரும் ரொட்டிக்காரர், எல்லோரும் சங்கிலியை எடுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள், போனபின் திரும்ப மாட்டுவார்கள். தோட்டத்தில் பிறந்த குழந்தைக்குத் தெரியும். தாமானில் வளர்ந்த எனக்குப் பூட்டு என்றால் பூட்டு.

நீயோ அதற்கு முன்பே லயம் முழுக்க ஒரு வேலை செய்து வைத்திருந்தாய். வீடு வீடாகப் போய் அவர்கள் போனில் அந்த வரைபடத்தை இறக்கி, அவசரம் என்றால் இதிலிருந்து இடத்தை அனுப்புங்கள், ஆம்புலன்ஸ் நேராக வாசலுக்கு வரும் என்று சொல்லிக்கொடுத்திருந்தாய். இதுவும் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் மட்டும் நான் இறங்கிப் பார்த்திருப்பேனா? தெரியவில்லை.

நான் ஏற்றிய பதினோராம் நாள் உன் லயத்துப் பாக்கியம் அக்காவை நாகம் கடித்தது. உதிர்ந்த பழம் பொறுக்கும் வேலை அவருக்கு. ஓலைக் குவியலுக்குள் கையை விட்டவர் காலைப் பார்க்கவில்லை. நீ அன்று ஜொகூர் பாருவில் ஏதோ பயிற்சியில் இருந்தாய். வீட்டார் நீ சொல்லிக்கொடுத்தபடியே இடத்தை அனுப்பினார்கள். ஆம்புலன்ஸ் டிரைவர் வேறு மாநிலத்துக்காரர், செயலியை நம்பி வந்தார். செயலிக்கு முன்வாசல் பூட்டியாயிற்று. அது அவரைச் சுற்றி அழைத்துப்போய்ப் பின்பக்கப் பெருஞ்சாலையில், வந்துவிட்டீர்கள் என்று நிறுத்தியது. எதிரே அகலமான கால்வாய், அதற்கப்பால் மரம், மரத்துக்கப்பால் லயம். பாலம் கிடையாது. அங்கே நின்றுகொண்டு அவர்கள் ஆளைத் தேடியிருக்கிறார்கள். இங்கே அக்காவைத் தூக்கிக்கொண்டு முன்வாசலில் காத்திருந்திருக்கிறார்கள். ஒருவருக்கொருவர் போனில் கத்தி, வழி புரிந்து, வண்டி திரும்பி வருவதற்குள் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. உயிர் தப்பியது. வலது கால் பாதத்தை எடுத்துவிட்டார்கள். கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் என்று டாக்டர் சொன்னாராம்.

மூன்றாம் நாள் சாயங்காலம் நீ பாசிர் கூடாங்குக்கு வந்தாய். ஷிப்ட் மாறும் நேரம், தொழிற்சாலை பஸ்களும் மோட்டார்களும் சாலையை அடைத்துக்கொண்டு நின்றன. சீருடையைக்கூட மாற்றாமல் எங்கள் கம்பெனி வாசலில் மோட்டாரை நிறுத்திவிட்டுக் காத்திருந்தாய். நடந்ததை எல்லாம் சொன்னாய். குரலை உயர்த்தவே இல்லை. நான் என்ன சொன்னேன் தெரியுமா? இன்றைக்கும் வாய் கூசுகிறது.

"ரூல் எல்லாரும் சேர்ந்து போட்டதுதானே" என்றேன். "பூட்டு இருந்துச்சு. படம்கூட இருக்கு, காட்டவா?"

"அந்தக் கேட்டைத் தோட்டக்காரன் பூட்டல" என்றாய். "நீதான்டி பூட்டின."

மோட்டாரை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டாய். அதுதான் நாம் கடைசியாகப் பேசியது.

நான்கு மாதம். ஒரே வரைபடத்தில் இரண்டு பேரும் வரைந்துகொண்டிருந்தோம். நீ எங்கே என்ன திருத்தினாய் என்று தினமும் பார்ப்பேன். அந்தக் கேட்டைப் பற்றிக் கேள்விப்பட்ட அன்றே திருத்தியிருந்தாய். ஒவ்வொரு திருத்தத்துக்கும் குறிப்பு எழுத வேண்டுமே, அதில் "திறந்தேன்" என்று மட்டும் எழுதியிருந்தாய். மற்றப் பதின்மூன்றை ஒவ்வொன்றாகப் போய்ப் பார்க்க உனக்கு நேரம் கிடைக்கவில்லை. நானும் தொடவில்லை. தொட்டால் தப்பை ஒத்துக்கொண்டதாகிவிடும் அல்லவா? வீம்பு. உனக்கும் இருந்தது, இல்லையென்று சொல்லாதே. நீயும்தான் ஒரு போன் போடவில்லை.

பிறகு காய்ச்சல். ஊரெல்லாம் கொசு மருந்து அடிக்கிறார்கள், டிங்கி பரவுகிறது என்று நீயே தோட்டம் தோட்டமாகப் போய்ச் சொன்னாய். உனக்குக் காய்ச்சல் வந்தபோது மட்டும் இரண்டு மாத்திரையைப் போட்டுக்கொண்டு நான்கு நாள் வேலைக்குப் போயிருக்கிறாய். தாதி நீ. அடுத்தவர் வீட்டுக் காய்ச்சலுக்கு அவர்களை அதட்டி வேனில் ஏற்றுகிறவள். ஐந்தாம் நாள் மருத்துவமனையில் சேர்த்தார்கள், ஏழாம் நாள் உன் தம்பி எனக்குச் செய்தி அனுப்பினான். இதற்கு உன்னை நான் மன்னிக்கவில்லை. இங்கே தெளிவாகவே எழுதிவிடுகிறேன்.

கூலாயில் உன் தம்பி வீட்டில்தான் இறுதிச்சடங்கு. கிளினிக்கிலிருந்து வந்தார்கள், பள்ளிக்கூடத்து ஆட்கள் வந்தார்கள், நம் குழுவிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். உன் லயத்திலிருந்து ஒருவரும் வரவில்லை. நான் பந்தலில் நின்று வழியையே பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருடம் இவள் பார்க்காத பார்வையா, பிள்ளை பெற்றபோது, காய்ச்சலில் கிடந்தபோது, எல்லாவற்றுக்கும் இவள் வேண்டியிருந்தது, இன்றைக்கு ஒரு வேன் பிடித்து வரமுடியவில்லையா என்று எனக்கு ரத்தம் கொதித்தது. நன்றிகெட்ட ஜென்மங்கள் என்று உன் தம்பியிடமே சொன்னேன்.

இப்போது குழு செய்த காரியத்துக்கு வருகிறேன். போன வாரம் குணா ஒரு செய்தி போட்டார். உன் படம், அதற்குக் கீழே இரண்டு பத்தி. தோட்டத்து மக்களுக்காகத் தனியொருத்தியாகப் போராடியவர் என்று உன்னைப் பற்றி. உன் கருத்தை நாம் அன்றே கேட்டிருக்க வேண்டும் என்று. ஆகவே உன் நினைவாகக் கேட் விதியை மாற்றுகிறோம், அந்த விதிக்கு உன் பெயரையே வைக்கிறோம் என்று. கடைசி வரிக்கு வந்தேன். உள்ளே வீடுகள் இருக்கும் எந்தத் தோட்டமாக இருந்தாலும் அதன் கேட்டெல்லாம் இனித் திறந்தவை. ஒரு சின்னக் கணினி நிரல் எழுதியிருக்கிறார், அழுத்தினால் மாநிலம் முழுக்க ஒரே நாளில் மாறிவிடும். பத்து நிமிஷத்தில் மற்ற நான்கு பேரும் கட்டைவிரலைத் தூக்கிவிட்டார்கள். நீ மேசையில் உட்கார்ந்து மீன் முள்ளைக் கையில் வைத்துக்கொண்டு கெஞ்சியபோது ஒரு விரல் எழும்பவில்லை. என் விரலும்தான்.

நீ நான்கு கேள்வி கேட்கச் சொன்னாய். இவர்கள் ஒன்றையும் கேட்கவில்லை. நான் எல்லாவற்றையும் பார்க்காமல் பூட்டினேன், இவர் எல்லாவற்றையும் பார்க்காமல் திறக்கிறார். அதற்கு உன் பெயர்.

நான் மறுத்து எழுதினேன். மரியாதையாகத்தான் ஆரம்பித்தேன், மூன்றாவது வரியில் போய்விட்டது. குணா போன் செய்தார். நெருங்கிய தோழி, துக்கத்தில் இருக்கிறீர்கள், புரிகிறது, உணர்ச்சிவசப்பட வேண்டாம் சிஸ்டர் என்றார். அதுவும் அந்த இதமான குரலில். எதிர்ப்பு என்றால் ஆதாரம் வேண்டும், ஞாயிறு வரைக்கும் பொறுக்கிறேன் என்றும் சொன்னார். துக்கம் இல்லை குணா, கோபம் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

அதற்காகத்தான் இன்று போனேன். அந்தப் பதினான்கு கேட்டுக்கும். இந்த முறை ஒவ்வொன்றிலும் இறங்கினேன். சங்கிலியை எடுத்துப் பார்த்தேன், பூட்டை இழுத்துப் பார்த்தேன், ஆள் இருந்த இடத்தில் கேட்டேன். எட்டு வெறும் தொங்கல். ஆறு நிஜமாகவே அமுக்கிப் பூட்டியது. அதில் ஒன்று உன் தோட்டத்து முன்வாசல். நீ "திறந்தேன்" என்று குறித்தாயே, அதே கேட். புது மேனேஜர் வந்தபிறகு பூட்டச் சொல்லிவிட்டாராம். சாவி ஜாகாவிடம், அவர் நேபாளத்துக்காரர், மலாயில் பேசினோம். காலை ஏழிலிருந்து மாலை ஏழு வரைக்கும் இங்கே இருப்பேன், அதற்குப் பிறகு கங்காணி மண்டோர் வீட்டில் சாவி என்றார். எழுதிக்கொண்டேன். அங்கேயே கேட் ஓரமாக நின்று ஆறு பூட்டின் படத்தையும் குழுவுக்கு அனுப்பினேன். உங்கள் நிரல் ஓடியிருந்தால் அவள் பெயரை வைத்துக்கொண்டு இந்த ஆறு பூட்டுக்கும் வண்டியை அனுப்பியிருப்பீர்கள், விதியை நிறுத்துங்கள், அவள் பெயரை எடுங்கள் என்று எழுதினேன். நிறுத்திவிட்டேன் என்று குணாவிடமிருந்து ஒரு வரி வந்தது. உன் நான்கு கேள்வியும் திங்கட்கிழமை மறுபடி ஓட்டுக்கு வருகிறது.

இதோடு திரும்பியிருக்கலாம். ஜாகா கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார், உள்ளே போகிறேனா என்று கேட்டார். போனேன்.

பாக்கியம் அக்கா வாசலில் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தார். உன் தோழி என்றதும் முகம் மாறியது. உட்காரச் சொல்லவில்லை. நான் நின்றபடியே, அந்தக் கேட்டைப் பூட்டியது என்று வரைபடத்தில் எழுதினது நான்தான் அக்கா என்றேன். அதற்காகத்தான் வந்தேன் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்க எதுக்கு இப்பிடிச் சொல்றீங்க" என்றார். "எழுதுனது நான்தான்னு அவங்களே வந்து சொன்னாங்களே. ஆஸ்பத்திரில, என் கால்மாட்டுல நின்னுகிட்டு."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர்தான் சொன்னார். நீ ஜொகூர் பாருவிலிருந்து நேரே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாய். எப்படி இப்படி ஆனது என்று அவர்கள் கேட்க, நான்தான் தப்பாகக் குறித்துவிட்டேன் என்று சொல்லியிருக்கிறாய். ஆம்புலன்ஸ் நேராக வரும் என்று வீடு வீடாக வந்து சொன்னவள் நீ, அதனால் அவர்களும் நம்பிவிட்டார்கள். அக்காவின் கொழுந்தனார் அங்கேயே உன்னைக் கேட்கக்கூடாத கேள்வியெல்லாம் கேட்டிருக்கிறார். இங்கே பிறந்தவளே எங்கள் வாசலை அடைத்துவிட்டாயே என்றிருக்கிறார். அதற்குப் பிறகு கிளினிக் வேன் வந்தால் லயத்து ஆட்கள் யாரும் உன்னிடம் கையை நீட்டுவதில்லை, மற்றத் தாதியிடம்தான் போவார்களாம். தீபாவளிக்கு நீ முறுக்கு எடுத்துக்கொண்டு வந்திருக்கிறாய். யாரும் வாங்கவில்லை.

யாரைக் கேட்டுச் செய்தாய் இதை? சொல், யாரைக் கேட்டு? ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டு, மூன்றாம் நாள் என் முன்னால் வந்து நின்றாயே, அப்போதாவது சொல்லியிருக்கலாமே. உன் பழியை நான் தூக்கிக்கொண்டேன் என்று ஒரு வார்த்தை. நான் படத்தைக் காட்டவா என்று கேட்டபோதுகூட வாயைத் திறக்கவில்லை. வரைபடத்தின் வரலாற்றுப் பக்கத்தில் ஒவ்வொரு குறிக்கும் யார் போட்டது, எப்போது போட்டது என்று இருக்கிறது. ஒரு தடவை திறந்து அவர்களிடம் காட்டினால் போதும். நீ காட்டவில்லை. பெரிய தியாகி. எனக்கு அது நன்மை என்று நினைத்தாயா? உன்னை அந்த ஆட்கள் ஒதுக்கிவைத்த நான்கு மாதமும் நான் வீட்டில் உட்கார்ந்து, இவள் ஏன் போன் பண்ணவில்லை என்று முறுக்கிக்கொண்டிருந்தேன். உன் பந்தலில் நின்று அவர்களை நன்றிகெட்டவர்கள் என்றேன். என்னை இப்படி ஒரு முட்டாளாக ஆக்கி வைக்க உனக்கு யார் உரிமை கொடுத்தது?

நான் போனை எடுத்து அந்த வரலாற்றுப் பக்கத்தை அக்காவிடம் காட்டினேன். என் பெயர், தேதி, பூட்டியது என்ற குறி. அதற்கடுத்த வரியில் உன் பெயர், திறந்தேன். அவர் திரையைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய் எழுத்துக்கூட்டிப் படித்தார். இரண்டு தடவை படித்தார். என்னைத் திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை, மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"என்கிட்ட மட்டும் சொன்னா எப்பிடி" என்றார். "ஏசினது நாங்க எல்லாரும். எல்லா வீட்லயும் போய்ச் சொல்லுங்க."

பதினேழு வீடு. மத்தியான வெயிலில் ஒவ்வொரு வாசலாகப் போய் நின்றேன். ஒவ்வொரு இடத்திலும் முதலிலிருந்து சொன்னேன், போனைக் காட்டினேன். சிலர் உட்காரச் சொன்னார்கள். ஒருவர் பாதியிலேயே உள்ளே போய்விட்டார். ஒரு பெண், அந்த முறுக்கை வாங்கியிருக்கலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அழுதாள். எனக்கு அப்போதும் அழுகை வரவில்லை. இருமுனையும் எரிகிற கோபத்தோடுதான் அடுத்த வீட்டுக்குப் போனேன், உன் மேல் பாதி, என் மேல் பாதி.

கடைசி வீடு அந்தக் கொழுந்தனாருடையது. வேலை முடிந்து வந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தார். நான் சொன்னதையெல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டார். போனைக் காட்டப் போனேன், வேண்டாம் என்று கையைக் காட்டினார். ஒரு பூட்ஸ் காலில், ஒரு பூட்ஸ் கையில். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"சரி. இப்ப நான் யார்கிட்ட போய் மன்னிப்புக் கேக்கறது?" என்றார்.

நிஜமாகவே கேட்டார். பதில் வேண்டும் என்றுதான் கேட்டார். உன்னிடம் இருந்த பதிலை நீ எடுத்துக்கொண்டு போய்விட்டாய். கேள்வியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அது அவருடையது மட்டுமா என்ன? பழி இனி என் பெயரில்தான் இருக்கும், அதில் நீ கை வைக்க முடியாது. உன் மேல் இருக்கும் கோபமும் இருக்கட்டும். அதுவும் ஆறிவிட்டால் உன்னிடம் பேச எனக்கு வேறு என்ன இருக்கிறது?